ரொக்ஸ்பரோ ஆற்றங்கரையிலிருந்து ஒரு பழைய மலைக்கு: மணலைப் படிக்க முழுமையான வழிகாட்டி

மொன்றியல் தீவின் ரொக்ஸ்பரோவில் குவான் வீதியை ஒட்டி ஓடும் ரிவியேர் தே பிரெரி ஆற்றின் ஓரத்தில், வெள்ளம் வடிந்த பிறகு குனிந்து பாருங்கள். வெளிர் மணலின் மேல் கறுப்பும் கருஞ்சிவப்புமாக மெல்லிய கோடுகள் படிந்திருப்பதுண்டு. பெரும்பாலானவர்கள் அதை அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். நாம் அங்கேதான் தொடங்கப் போகிறோம். அந்தக் கோட்டில் கிடப்பது நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இமயமலையைப் போல நின்ற ஒரு மலைத்தொடரின் மிச்சம்.

புவியியல் படித்திருக்கத் தேவையில்லை. அரிசி அரிக்கத் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

என்ன செய்யப் போகிறோம்?

மலை உயரத் தொடங்கும்போதே தேயவும் தொடங்குகிறது. மழையும் பனியும் அதை உடைக்க, ஆறு அள்ளிக்கொண்டு போய்த் தாழ்நிலத்தில் கொட்டுகிறது. கொட்டிய மணல் புதைந்து இறுகி மணற்கல்லாகிறது. மலை முழுதும் தேய்ந்து போனாலும் மணற்கல்லுக்குள் அதன் மணிகள் இருக்கும். அந்தக் கல்லைப் பொடித்து, கனமான மணிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவை எந்த மலையிலிருந்து வந்தன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

இதில் நாயகன் சிர்க்கோன் என்ற கனிமம். நகைக்கடையில் வைரத்துக்குப் பதிலாக விற்கும் கியூபிக் சிர்கோனியா வேறு; அது ஆலையில் செய்வது. சிர்க்கோன் இயற்கையில் உருகிய பாறை ஆறும்போது உருவாகும் படிகம். நாம் தேடும் மணி பெரும்பாலும் 0.05 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். ஆனால் எளிதில் தேயாது, கரையாது. ஒரு மலை அழிந்து, மணற்கல்லாகி, அந்த மணற்கல்லும் அழிந்து மறுபடி மணலானாலும் சிர்க்கோன் தப்பிவிடும்.

நமக்கு இது அந்நியப் பொருளும் அல்ல. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரைக் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோனும் பிரித்தெடுக்கிறார்கள்.

ஏன் ரொக்ஸ்பரோ?

ஆற்றின் வழியைப் பார்த்தால் புரியும். நம் ஆறு ஒட்டாவா ஆற்றின் ஒரு கிளை. ஒட்டாவா ஆறு லோரன்ஷிய மலைகளின் ஓரமாக வந்து, டு மொன்தான் ஏரியில் விரிந்து, அங்கிருந்து பிரிந்து ரொக்ஸ்பரோவைக் கடக்கிறது. அதே ஒட்டாவா ஆற்றின் வடகரையில், காரில் ஒரு மணி நேரத் தொலைவில், கிரென்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏறத்தாழ 109 கோடி முதல் 98 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நடந்த பெரும் மலையாக்கத்துக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் இந்தச் சிற்றூரின் பெயர்தான்: கிரென்வில் மலையாக்கம். இந்தப் பாறைகளை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் வில்லியம் லோகன். 1798இல் மொன்றியலில் பிறந்தவர். 1842இல் தொடங்கிய கனடிய நிலவியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். கனடாவின் மிக உயர்ந்த மலைக்கு, 5,959 மீட்டர், அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்று லோரன்ஷிய மலைகளில் நாம் பனிச்சறுக்கும் குன்றுகள் அந்தப் பழைய மலையின் சிகரங்கள் அல்ல, அடிவேர்கள். 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் வெந்து முறுகிய பாறை, மேலே இருந்தது அத்தனையும் தேய்ந்து போன பிறகு வெளியே தெரிகிறது.

மேலே இருந்தது எங்கே போயிற்று? ஒரு பங்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மொன்றியல் தீவுக்கு மேற்கே இல் பெரோவிலும், தெற்கே போஆர்னுவா, கோவி ஹில் பக்கங்களிலும் பொட்ஸ்டாம் மணற்கல் என்ற படிவுப்பாறை தலைகாட்டுகிறது. வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு. அதன் சிர்க்கோன்களில் பெரும்பங்கு கிரென்வில் வயதைக் காட்டுகிறது. ஆக, அதே மலை நமக்கு இரண்டு தடவை வந்து சேர்ந்திருக்கிறது: 50 கோடி ஆண்டுக்கு முன் மணற்கல்லாக ஒரு தடவை, இந்த வசந்த வெள்ளத்தில் மணலாக இன்னொரு தடவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம் திட்டம். இப்படி வசதியாக அமைந்த ஊர் எல்லாருக்கும் கிடைக்காது.

எவ்வளவு செலவாகும்?

முதல் சனிக்கிழமைக்கு 50 டொலர் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி 20, தங்கம் அரிக்கும் பிளாஸ்டிக் தட்டு 20, நியோடிமியம் காந்தம் 10.

பிடித்துப்போனால் மேற்கொண்டு வாங்குவோம். கணினியில் செருகும் சிறிய நுண்ணோக்கி 60, சல்லடைத் தொகுதி 40, இரண்டு கிலோச் சம்மட்டி 25, கண்காப்பு 10, பி100 வடிகட்டியுள்ள முகமூடி 40. எல்லாம் சேர்த்து வரியோடு 260 டொலருக்குள் அடங்கும். விலைகள் கடைக்குக் கடை மாறும். ஆனால் முகமூடியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குறு அலைப் புறஊதா விளக்கு நூறு டொலருக்கு மேல். அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் கட்டம்: ஆற்று மணல்

இரண்டு தயிர் டப்பா நிறைய மணல் எடுத்தால் போதும். வளைவின் உட்பக்கம், பெரிய கல்லின் பின்புறம், மரவேரின் மடிப்பு: நீர் வேகம் குறையும் இடங்களில்தான் கனமான மணிகள் தங்கும். தெருவின் வடிகால் வந்து விழும் இடத்தில் எடுக்கவே கூடாது. குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க வீதியில் கொட்டிய கல்பொடி அங்கே வந்து கலந்திருக்கும். எந்தக் குவாரியின் கல் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது அரிக்கும் வேலை. யாழ்ப்பாணத்து வீடுகளில் அரிக்கன்சட்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சட்டியின் உட்புறம் வரிவரியாக இருக்கும். அரிசியை நீரோடு அலசி அலசி ஊற்றினால் அரிசி போய்விடும், கல் வரியில் தங்கும். தங்கம் அரிக்கும் தட்டிலும் அதே வரிகள்தான். அங்கே அரிசி, இங்கே குவார்ட்ஸ். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. சிர்க்கோனின் அடர்த்தி ஏறத்தாழ 4.6. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் முழு வேலையும்.

மணலைச் சலித்து, 0.25 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதை மட்டும் தட்டில் போடுவோம். சல்லடை இன்னும் வாங்கவில்லை என்றால் மெல்லிய மஸ்லின் துணி சமாளிக்கும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் பொடி மிதக்காது. தட்டை நீருக்குள் வைத்து இடம் வலமாக நன்றாக உலுக்க வேண்டும். கனமானவை அடியில் இறங்கட்டும். பிறகு தட்டை முன்பக்கம் சற்றுச் சாய்த்து, மேல் மணலை நீரோடு மெதுவாக வழியவிடுவோம். மறுபடி உலுக்கல், மறுபடி வழியவிடல்.

முதல் நாள் எல்லாரும் அவசரப்படுவார்கள். நானும் அப்படித்தான் பாதிச் சிர்க்கோனை வாளிக்குள் விட்டேன். ஆகவே ஆற்றில் அரிக்காமல் வீட்டில் வாளிக்கு மேல் அரியுங்கள். தவறவிட்டது வாளியில் இருக்கும், திரும்ப அரிக்கலாம். கால் மணி நேரத்தில் வெள்ளை மணல் குறைந்து, கடைசியில் ஒரு தேக்கரண்டி கருஞ்சிவப்புப் பொடி மிஞ்சும். அதைக் காகிதத்தில் காயவையுங்கள். கைக்கண்ணாடியில் முதலில் கண்ணில் படுவது இளஞ்சிவப்பு கார்னெட். சிர்க்கோன் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இரண்டாம் கட்டம்: காந்தம்

காந்தத்தை நேரே பொடியில் வைத்தால் ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு. சிறிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பொடிக்கு ஒரு விரல்கடை மேலே கொண்டுபோங்கள். மேக்னடைட் துள்ளி வந்து ஒட்டும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் பொடி தானே உதிரும். பிறகு காந்தத்தைப் பொடியைத் தொடும் அளவுக்கு நெருக்கினால் இல்மனைட்டும் கார்னெட்டில் ஒரு பங்கும் நகரும். சிர்க்கோன் அசையாது. அசையாமல் கிடப்பதைத்தான் நாம் சேர்த்து வைக்கிறோம்.

மூன்றாம் கட்டம்: மணற்கல்

இங்கேதான் உண்மையான விஷயம் ஆரம்பிக்கிறது. பொட்ஸ்டாம் மணற்கல்லில் கீழ் அடுக்குக்குக் கோவி ஹில் என்றும் மேல் அடுக்குக்குக் கெர்ன்சைட் என்றும் பெயர். கோவி ஹில் அடுக்கில் ஃபெல்ட்ஸ்பார் கலந்திருக்கும், பொடிப்பது சுலபம். கெர்ன்சைட் கிட்டத்தட்ட முழுதும் குவார்ட்ஸ். குவார்ட்ஸே அதற்குச் சிமெந்தும். சம்மட்டி எகிறும். முதல் கல்லாக அதை எடுத்தால் கை வலித்ததுதான் மிச்சம். சற்று உக்கிப்போன கோவி ஹில் துண்டு ஒன்றில் தொடங்குவோம்.

கல் எங்கே கிடைக்கும்? தோட்டக்கல் வெட்டும் குவாரிகளில் கேட்டுப் பாருங்கள். மணற்கல்லுக்குப் பிரெஞ்சில் "க்ரே" என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லி, எந்தக் குவாரிக் கல் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இடம் தெரியாத கல்லால் நமக்குப் பயனில்லை. கெபெக் அரசின் சிஜியோம் தரவுத்தளத்தில் நிலவியல் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த இடத்தில் எந்த அடுக்கு என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் போஆர்னுவாவில் உள்ள புவாந்து புய்சோன் தொல்லியல் பூங்காவுக்குக் குழந்தைகளோடு போகலாம். பொட்ஸ்டாம் பாறை அங்கே தரைபோல விரிந்து கிடக்கிறது. போஆர்னுவாப் பகுதி மணற்கல்லில்தான் கால்களுள்ள பழைய உயிரினங்களின் தடங்கள் கிடைத்தன. 1852இல் ரிச்சர்ட் ஓவன் அவற்றுக்குப் புரோடிக்னைட்ஸ் என்று பெயரிட்டார். நம் சிர்க்கோன்களை மணலாக மிதித்துக்கொண்டு நடந்த உயிர்கள் அவை. ஆனால் அங்கே கல் எடுக்கக் கூடாது.

உடைக்கும் முறை இது. இரண்டு கிலோக் கல்லைக் கழுவி, மேல்தோலைத் தட்டி நீக்கி, தடித்த சணல் சாக்கில் நனைத்துச் சுற்றி, வெளியே வைத்து அடிக்க வேண்டும். பட்டாணி அளவானதும் இரும்பு உரலில், நீர் விட்டு, இடிக்கலாம். அரைக்கக் கூடாது, இடித்து, சலித்து, தங்கியதை மறுபடி இடிக்க வேண்டும். அரைத்தால் மணி உடைந்து வடிவம் போய்விடும், வடிவத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது. பிறகு பழையபடி அரித்தல், காயவைத்தல், காந்தம். உரலும் சம்மட்டியும் உதிர்த்த இரும்புத் துகள் முதலில் ஒட்டும்; அதைக் கண்டு மேக்னடைட் என்று எழுதிவிடாதீர்கள்.

நான் இதைவிட மோசமாக ஏமாந்தேன். என் முதல் கெர்ன்சைட் பொடியில் அழகான இளஞ்சிவப்புக் கார்னெட்கள் ஏழெட்டு இருந்தன. இத்தனை பழைய, சுத்தமான மணற்கல்லில் கார்னெட்டா என்று இரண்டு வாரம் தூக்கமில்லாமல் திரிந்தேன். கடைசியில் பார்த்தால், ஆற்று மணல் சலித்த அதே சல்லடை. கண்ணியில் சிக்கியிருந்தவை இறங்கியிருக்கின்றன. அதிலிருந்து ஆற்றுக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று என்று இரண்டு சல்லடை. 40 டொலர் கூடுதல் செலவுதான், செய்யுங்கள்.

நுண்ணோக்கியில் எதைப் பார்ப்பது?

சிர்க்கோன் நிறமற்றோ வெளிர் இளஞ்சிவப்பாகவோ இருக்கும். பளபளப்பு மற்றவற்றைத் தூக்கியடிக்கும். முழுமையாக இருந்தால் நாற்கோணத் தூணின் இரு முனையிலும் கூர் வைத்தது போல இருக்கும். அதிகம் உருண்டிருந்தால் முட்டை வடிவம். கருஞ்சிவப்பு கலந்த பழுப்பில் மினுங்கினால் ரூட்டைல். பழுப்போ பச்சையோ நீண்ட தூணாக இருந்தால் டூர்மலின். குறு அலைப் புறஊதா ஒளியில் பல சிர்க்கோன்கள் மஞ்சளாக ஒளிரும்.

இப்போது ஆற்று மணல் பொடியையும் மணற்கல் பொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆற்று மணலில் கார்னெட், ஹார்ன்பிளெண்ட் என்று பல நிறம். கெர்ன்சைட் பொடியில் பெரும்பாலும் சிர்க்கோன், டூர்மலின், ரூட்டைல் மூன்றுதான் என்று எதிர்பார்க்கலாம். மலை ஒன்றுதான். மற்ற மணிகள் வழியில் உக்கியும் புதைந்த பிறகு கரைந்தும் மறைந்துவிட்டன. கார்னெட் இல்லை என்பதால் மலையில் கார்னெட் இருக்கவில்லை என்று முடிவுகட்டுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

வயது எப்படித் தெரியும்?

சிர்க்கோன் உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்க்கும். ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுதாக விலக்கும். ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாகச் சிதைய 446.8 கோடி ஆண்டும், யுரேனியம் 235 பாதியாக 70.4 கோடி ஆண்டும் ஆகும். ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரத்தைச் சொன்னால் நம்பலாம்; சொல்லாவிட்டால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

இதை வீட்டில் செய்ய முடியாது. ஆய்வகத்தில் மணிகளை எபொக்சி வட்டில் பதித்து, மெருகேற்றி, மயிரிழையைவிட மெல்லிய லேசர் கற்றையால் சுட்டு, எழும் ஆவியை நிறைமானியில் அளக்கிறார்கள். ஒரு மணியின் வயதால் பயனில்லை. மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்காவது இருக்கும் எந்தக் கூட்டத்தையும் தவறவிடவில்லை என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்ல 117 மணி வேண்டும் என்று 2004இல் பீட்டர் வெர்மீஷ் கணக்கிட்டார். கட்டணம் ஆயிரங்களில் போகும் என்பதால் நாம் அதில் இறங்குவதில்லை. வெளியான ஆய்வுகளின் வயதுகளை நம் மணிகளோடு ஒப்பிட்டுப் படிப்போம்.

படிக்கும்போது இந்த எண்கள் மனதில் இருக்கட்டும். ஏறத்தாழ 98 முதல் 120 கோடி என்றால் கிரென்வில். 270 கோடி என்றால் அதற்கும் வடக்கே உள்ள சுப்பீரியர் பாறைப் பகுதி. 45 கோடியை ஒட்டி என்றால் கிழக்கே எழுந்த டக்கோனிக் மலைகள். பொட்ஸ்டாமில் அது இருக்க முடியாது, அந்த மலை அப்போது எழவில்லை. ஒரு மணற்கல்லில் உள்ள மிக இளைய சிர்க்கோனைவிட அந்த மணற்கல் பழையதாக இருக்க முடியாது. ஆனால் மிகவும் இளையதாக இருக்கலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 300 கோடி ஆண்டுப் பாறைக்குள் 440 கோடி ஆண்டுச் சிர்க்கோன் கிடைத்தது அப்படித்தான்.

கிரென்வில் மணிகள் எவ்வளவு தூரம் போயின என்பது இன்னொரு வியப்பு. அமெரிக்காவின் மேற்கே, கண்டத்தின் மறுபக்கத்து நவாஹோ மணற்கல்லிலும் கிரென்வில் வயது மணிகள் இருக்கின்றன. கிழக்கே அப்பலாச்சியன் மலைகளிலிருந்து கண்டத்தையே கடந்த ஆறுகள் அவற்றைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்கிறார்கள். இடையில் எத்தனை மணற்கல்லாகி உடைந்தனவோ! அதனால்தான் வயது மலையைக் காட்டுமே தவிர, மணி வந்த வழியைக் காட்டாது.

நமக்கென்று ஒரு செய்தி. வயது அளக்கும் கருவியைச் சரிபார்க்க, வயது தெரிந்த சிர்க்கோன் ஒன்று வேண்டும். அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஷ்ரிம்ப் கருவிக்கு நெடுங்காலம் அளவுகோலாக இருந்த எஸ்எல்13, இலங்கையிலிருந்து போன சிர்க்கோன் கல். வயது ஏறத்தாழ 57 கோடி ஆண்டு.

கவனம்!

குவார்ட்ஸ் தூசு நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்ற நோய்க்கு மருந்தில்லை. நனைத்து உடையுங்கள், வெளியே உடையுங்கள், பி100 முகமூடியோடு உடையுங்கள். சமையலறையில் ஒருபோதும் வேண்டாம், கராஜிலும் வேண்டாம். உடைத்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

ஓக்கா தேசியப் பூங்காவிலும், கப் சென் ஜாக், புவா தெ லியெஸ் போன்ற நகர இயற்கைப் பூங்காக்களிலும் கல்லோ மணலோ எடுக்க வேண்டாம். தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி கேளுங்கள். ஆற்றங்கரையில் வீடுள்ள நண்பர் ஒருவர் இருந்தால் அதுவே மிகச் சிறந்த வழி. 2017 வெள்ளத்துக்குப் பிறகு கரையோர வீட்டுக்காரர்களுக்கு மணலைப் பற்றிப் பேச நிறையவே இருக்கும்.

ஆய்வு நூல்களில் புரோமோஃபார்ம் என்ற கனத் திரவத்தால் பிரிப்பதைப் படிப்பீர்கள். நஞ்சு. ஆசைப்படாதீர்கள். அரித்தலே நமக்குப் போதும்.

எப்போது தொடங்குவது?

ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றை நெருங்க வேண்டாம். பனி உருகி நீர் வேகமாக வரும் காலம். அந்த வெள்ளம் கொண்டுவந்த மணல் நன்றாக வெளியே தெரிவது நீர் வற்றிய ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். மணற்கல்லை ஒக்டோபருக்குள் உடைத்து முடித்துவிட வேண்டும், பிறகு வெளியே நிற்க முடியாது. மணிகளை எண்ணும் வேலை நவம்பருக்கு. மேசை விளக்கும் தேநீரும் இருந்தால் மார்ச் வரை ஓடும்.

டப்பாவில் இடம், தேதி, ஆறா கல்லா என்ற மூன்றையும் அன்றே எழுதி ஒட்டுங்கள். என் அலமாரியில் பெயரில்லாத மூன்று டப்பாக்கள் இருக்கின்றன, எதற்கும் உதவாது.